மூன்று படி

தண்ணீர்ச் சபையில் மானி வாசிக்கிற வேலை எனக்கு.
பதினொரு வருடமாக இந்த ஊர்ப் படலைகளை
உள்ளே குரைக்கும் நாய்களை வைத்தே அறிவேன்.
பில்லைக் கண்டால் முகங்கள் சுருங்கும்.
ஆனி மாதம் பில்லோடு ஒரு கொப்பியும் கொண்டுபோனேன்,
கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதி
ஒப்பம் வைக்கிற கொப்பி.
கதவுகளும் சுருங்கின.

சங்கத்தின் பொருளாளர் பவளராணி அக்கா.
"எனக்காக ஓடாதை பிள்ளை" என்றா,
"கணக்குக்காக ஓடு.
எட்டு நாற்காலிக்குச் சில்லு மாத்தவேணும்,
பாலையூற்றுப் பொடியனுக்கு
வளர வளரப் புதுக் கால் வேணும்."

பின்னேரங்களில் தன் நாற்காலியை உருட்டி
அவவும் கூட வந்தா.
எல்லா வாசலிலும் முதற்கேள்வி
அவவின் காலைப் பற்றியது.
ஷெல்லா? போலியோவா? மோட்டார்சைக்கிளா?
பதிலுக்கேற்பத் தாளின் நிறம் மாறும் என்பதை
அவ எப்போதோ கண்டுபிடித்திருந்தா.
பேக்கரி பந்துலவுக்கு, லொறி.
நஜிமுதீன் நானாவுக்கு, சின்ன வயதுக் காய்ச்சல்.
ஓர்ஸ் ஹில்லில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞருக்கு
"கடல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினா.
அவர் பச்சைத் தாள் இரண்டு வைத்தார்.
உண்மை எது என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
நானும் ஏதாவது தரவேண்டி வந்திருக்கும்.

ஞாயிறு, விடிய ஐந்தரை, கோட்டை வாசல்.
நெஞ்சில் ஊசி குத்திய நூற்றுப் பதினேழு.
கடற்படைப் பையன்கள் முன்வரிசையில் துள்ள,
மான் ஒன்று வந்து
யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றது.
விசில்.

மூன்று கிலோமீற்றர் வரை உடம்பு நல்ல பிள்ளை.
வேலைநாளில் மறித்து நின்று எண் எழுதும் வீடுகள்
எண்ணே இல்லாமல் பின்னால் போயின:
இதில் மானி பூவரசுக்குக் கீழே,
இதில் குழாய் ஒழுக்கு, சொன்னாலும் கேட்கமாட்டார்கள்,
இதில் ஆள் இல்லை, கனடா.
உப்புவெளியில் நீலத் தகரப் பீப்பாவைச் சுற்றித்
திரும்பினேன்.
அதுவரை முதுகில் இருந்த கச்சான்
எதிரே வந்து நெஞ்சில் கைவைத்தது.
ஏழில் இடது பெருவிரல் நகம் பேசத் தொடங்கியது.
எட்டில் நடந்தேன். ஒளிக்கவில்லை.
நடந்தாலும் கிலோமீற்றர் கிலோமீற்றர்தான் என்று
அக்கா முதலே விதி எழுதி வைத்திருந்தா.

ஒரு மணி பத்தொன்பது நிமிடம்.
எல்லைக்கோட்டில் எல்லாரும் கைதட்ட,
அவ மடியில் கல்குலேற்றர்.
நானாவின் இருநூற்றைம்பதைப் பத்தால் பெருக்கிவிட்டு
நிமிர்ந்து பார்த்தா:
"சப்பாத்தைக் கழட்டு. ரத்தம் தெரியுது."

திங்கட்கிழமை காசு கட்டப் போனோம்.
வங்கிக்கு மூன்று படி.
காவலாளி நல்ல மனுசன்:
"நாலு பேர் பிடிச்சால் தூக்கலாம் அக்கா."
"வேண்டாம் தம்பி,
தூக்கினால் நன்றி சொல்லவேணும்.
நேற்று முழுக்கச் சொல்லி வாய் நோகுது."

பணப்பையோடு நான் ஏறினேன்.
பத்துக் கிலோமீற்றர் போய் வந்த தொடை
முதற்படியிலேயே கத்தியது.
பிடிக்கக் கம்பி இல்லை.
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒரு கால்,
பிறகு மற்றக் கால்.
கீழே தெருவில் அக்கா
கண்ணீர் வரச் சிரித்தா.

கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர்
படிவத்தோடு வெளியே வந்து
வெயிலில் குந்தியிருந்து எண்ணினார்.
தாள்களைக் காற்று கொண்டுபோகாமல்
அக்கா முழங்காலால், தன் உணராத முழங்காலால்,
அமத்திப் பிடிக்கச் சொன்னா.
நானே அதைத் தூக்கி வைத்தேன்.
சாய்தளம் பற்றி முகாமையாளரிடம் கேட்டோம்.
கொழும்புக்கு எழுதியிருக்காம்.
எப்ப?
அதுவும் கொழும்புக்குத்தான் தெரியுமாம்.

திரும்பும்போது
மான் ஒன்று சந்தியால் வந்து
அந்த மூன்று படியும் ஏறிக்
கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து நின்றது.
குளிர்காற்று கசிகிற இடம் அதற்குத் தெரியும்.

"தம்பி" என்று காவலாளியைக் கூப்பிட்டா அக்கா,
"கேளுங்கோ,
அதுக்குக் கணக்கு இருக்கோ எண்டு."